கால் கப், முக்கால் கப்

அமெரிக்கச் சமையல் தெரியும் என்று நான் சொன்னது பொய். அது சின்னப் பொய். அதற்கு அப்புறம் சொன்னதுதான் பெரியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

2014-ம் வருஷம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கேண்டீனை ஒரு கான்ட்ராக்டர் எடுத்து நடத்தினார். நான் அங்கே சூப்பர்வைசர். வீடு மத்திகிரியில். விடிகாலை ஐந்தரைக்கு கால்நடைப் பண்ணை வேலியோரமாக வண்டியில் போனால், பனியில் மாடுகள் நிற்பது கோடு கோடாகத் தெரியும். வெள்ளைக்காரன் 1824-ல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை அது. மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து எண்ணூறு சாப்பாடு போடுவோம். சாதம், சாம்பார், பொரியல். வாரத்தில் இரண்டு நாள் ராகிக் களி. களி நாளில் மட்டும் ஆபீஸ் ஆட்களும் கீழே இறங்கி வந்து வரிசையில் நிற்பார்கள்.

அதற்குக் காரணம் ஒரு அக்கா. கெலமங்கலம் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஐம்பது வயது இருக்கும். இருபது கிலோ மாவை ஒரே அண்டாவில் கட்டி தட்டாமல் கிண்டுவார். துடுப்பைப் பிடித்து அவர் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் படகு தள்ளுகிற மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அவர் களி அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்லும் அளவுதான் அவருக்குக் கணக்கு.

ஒருநாள் ஹெச்.ஆர். கூப்பிட்டுச் சொன்னார்: அமெரிக்காவில் இருந்து நாலு பேர் வருகிறார்கள், நம் மேனேஜர்களோடு சேர்த்து இருபது பேருக்கு மதியச் சாப்பாடு, பெங்களூர் ஓட்டலில் சொன்னால் செலவு எகிறும், உங்களால் அமெரிக்கச் சாப்பாடு செய்ய முடியுமா? கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்த்தார். "முடியும் சார், எங்க மாமா பையன் அங்கதான் இருக்கான்" என்றேன். மாமா பையன் இருந்தது துபாயில்.

இரண்டு ராத்திரி செல்போனை வைத்துக்கொண்டு தேடினேன். தட்டினால் வந்து கொட்டியது. கொட்டியதில் எது அரிசி, எது உமி என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. என் இங்கிலீஷ் பிளஸ் டூவோடு நின்ற இங்கிலீஷ். பிஸ்கட்டும் கிரேவியும் அங்கே காலைச் சாப்பாடு என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. மாரி பிஸ்கட்டைக் குழம்பில் தொட்டுத் தின்பார்களா என்று என் மனைவியிடம் கேட்டுச் சிரித்தேன். அவர்கள் பிஸ்கட் என்பது சோடா மாவு போட்டுச் சுட்ட மெத்தென்ற ரொட்டி என்று அப்போது தெரியாது. வெண்ணெய் ஒரு குச்சி போடு என்று இருந்தது. ஒரு குச்சி என்றால் 113 கிராம், அங்கே வெண்ணெய் அப்படித்தான் கட்டிவரும். அதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

பர்கர் வேண்டாம் என்று தள்ளினேன், அதற்கான பன் ஓசூரில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். கடைசியில் கண்ணில் பட்டது "சில்லி". டெக்சாஸ் மாநிலம் 1977-ல் தன் மாநில உணவாகவே அறிவித்த பதார்த்தம். கறியைக் கொத்தி, வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்ப்பொடி போட்டுக் கொதிக்க விடுவது. சிலர் ராஜ்மாவும் போடுகிறார்கள், டெக்சாஸ்காரர்கள் அதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்களாம். மிளகாய் என்று பெயரிலேயே இருக்கிறதே, இது நம்ம வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்தேன். தொட்டுக்கொள்ள மக்காச்சோள ரொட்டி. மாட்டுக்கறி கேண்டீனில் நுழையாது, அதனால் பிராய்லர் கோழி. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. நாம் தின்னும் பிராய்லரே கார்னிஷ் கோழியையும் அமெரிக்காவின் பிளைமவுத் ராக் கோழியையும் கலந்து வந்த வம்சம்தான். மத்திகிரியில் கோழியினக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கிற பையன்கள் டீக்கடையில் இதையெல்லாம் பேசுவார்கள். உருப்படியாக எனக்குத் தெரிந்திருந்த ஒரே அமெரிக்க விஷயம் அது.

கூட்டு ரோட்டில் ஒரு கடையில் அந்தக் குறிப்பை பிரின்ட் எடுத்தேன். ஏழு பேருக்கான அளவு அது. சில்லி பவுடர் கால் கப். எனக்கு இருபது பேர். ஓரத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு 3 என்று எழுதினேன்.

காலை எட்டு மணிக்கு அக்காவிடம் பிளாஸ்டிக் அளவுக் கப்பைக் கொடுத்து, "மிளகாய்த்தூள் இதுல முக்கால் கப் போடுங்கக்கா" என்றேன்.

"முக்காலா?"

"முக்கால்."

"மூணு கிலோ கறிதான தம்பி இருக்கு. வாயில வைக்க முடியுமா?"

"அமெரிக்காக்காரன் அப்படித்தான் சாப்பிடுவான். நெட்ல போட்டிருக்கு."

அவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது குண்டூர் மிளகாய் அரைத்த தூள், மூட்டையைத் திறந்தாலே பக்கத்தில் நிற்பவன் தும்முவான். முக்கால் கப் என்றால் பன்னிரண்டு டேபிள்ஸ்பூன். நம் வீட்டுக் கோழிக்குழம்புக் கணக்கில் பார்த்தால் ஐந்து மடங்கு வரும்.

ரொட்டிக்கு நான் வாங்கிவந்தது கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கொடுக்கிற பாக்கெட். அதைப் பிரித்துக் கொட்டியதும் அக்கா விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இது வெள்ளையா இருக்கே. அது மஞ்சளா இருக்கும், நெறநெறன்னு இருக்கும்" என்றார்.

"எது?"

"பள்ளிக்கூடத்துல எங்களுக்குப் போட்டாங்களே, அமெரிக்கா மாவு. மூட்டையில ரெண்டு கை குலுக்குற படம் போட்டிருக்கும்."

நான் சிரித்தேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பையன்களும் சிரித்தார்கள். எழுத்துத் தெரியாத பொம்பளை அமெரிக்கா மாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறதா என்கிற சிரிப்பு அது. என் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1961-லிருந்து கேர் என்ற தொண்டு நிறுவனம் அமெரிக்கத் தானியங்களைக் கொண்டுவந்து அந்தத் திட்டத்துக்குக் கொடுத்தது. கோதுமை ரவை, சாலட் ஆயில், அப்புறம் மக்காச்சோளமும் சோயாவும் பால்பொடியும் கலந்த மஞ்சள் மாவு. எழுபதுகளில் இரண்டு வருஷம் மட்டும் பள்ளிக்கூடம் போன அக்கா அதை வரிசையில் உட்கார்ந்து தின்றிருக்கிறார். அந்த கேண்டீனில் அமெரிக்க உணவை வாயில் வைத்துப் பார்த்திருந்த ஒரே ஆள் அவர்தான். அமெரிக்கக் குறிப்பில் இருந்தது கார்ன்மீல், அதாவது அது மாதிரி நெறநெறப்பான மஞ்சள் மாவு. நான் வாங்கியது சோளத்தின் வெறும் மாச்சத்து, சூப் கெட்டியாக்கப் போடுவது. பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கினேன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வந்தது, கடித்தால் பல்லில் ஒட்டியது. பேக்கரிக்காரர், "350 டிகிரின்னு எழுதியிருக்கீங்களே, ஃபாரன்ஹீட்டா?" என்று கேட்டதால் கரியாகாமல் தப்பித்தது.

மதியம். பீங்கான் கிண்ணங்கள், வெள்ளைத் துணி விரித்த மேஜை. வந்தவர்களில் பெரியவர் ஒருவர் மரியாதைக்கு ஒரு பெரிய ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்ட, கையை உயர்த்தி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று காட்டினார். இன்னொருவர் ரொட்டியைப் பிட்டு, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். நம் மேனேஜர்களே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசியில் தயிரும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினோம்.

ஹெச்.ஆரும் கான்ட்ராக்டரும் அடுப்படிக்கு வந்தார்கள். "யாருய்யா அளவு சொன்னது?"

சட்டைப் பையில் இருந்து காகிதத்தை எடுத்தேன். கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பெருக்கல் குறியின் மேல் உட்கார்ந்தது. தானாக என்று எழுதுகிறேன் பாருங்கள். நான்தான் வைத்தேன். "பாருங்க சார், கால் கப்னுதான் இருக்கு. நான் கால்னுதான் சொன்னேன். அக்காவுக்கு முக்கால்னு காதுல விழுந்திருக்கு."

அக்கா கைப்பிடித் துணியோடு அண்டா பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார், அதில் இருக்கிற எழுத்து அவருக்கு எதிரான சாட்சி என்று மட்டும் புரிந்திருக்கும். காய் நறுக்கிய பையன்களும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு ஷிப்ட் போடுகிறவன் நான்.

மறுநாள் அவரைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். கூலியில் நாளுக்கு எண்பது ரூபாய் குறைந்தது. களியை வேறு ஆள் கிண்டினார், கட்டி தட்டியது. மூன்று வாரம் வந்தார், அப்புறம் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் சம்பளம்கூட ஏறியது.

இதில் எனக்கே அருவருப்பாக இருப்பது ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பொய்யை நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஒருவேளை கால் என்றுதான் சொன்னேனோ, அடுப்புச் சத்தத்தில் அவர்தான் தப்பாகக் கேட்டாரோ என்று. ராத்திரி தூக்கம் வந்தது. காகிதத்தை எடுத்துப் பார்க்காமல் இருந்தால் போதும், அது நிஜமாகிவிடும் போல இருந்தது.

மூன்று நாலு வருஷம் கழித்து நானே சின்னதாக கேட்டரிங் எடுத்துச் செய்ய ஆரம்பித்தபோதுதான் ஒழுங்காகத் தேடினேன். அந்த சில்லி பவுடர் மிளகாய்த்தூளே இல்லை. ஜெர்மனியில் இருந்து டெக்சாசுக்கு வந்த வில்லியம் கெப்ஹார்ட் என்பவர் 1890-களில் உறைப்புக் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ எல்லாம் சேர்த்து அரைத்து விற்றார். அந்த வழக்கத்தில் அங்கே சில்லி பவுடர் என்றால் மசாலாப் பொடி. சாம்பார் பொடி போடச் சொன்ன இடத்தில் நான் மிளகாய்த்தூளைக் கொட்டியிருக்கிறேன். அளவு தப்பே இல்லை. முக்கால் கப் சரிதான். பொருள்தான் வேறு. அன்றைக்கே, "சார், எனக்குத் தெரியாமப் போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். வேலை போகிற தப்பு இல்லை அது.

அப்புறம் தேடல் ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி நூலகம் பழைய அமெரிக்கச் சமையல் புத்தகங்களைப் படம் பிடித்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஃபேனி ஃபார்மர் 1896-ல் எழுதிய புத்தகம் அதில் இருக்கிறது, கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்கச் சொல்லி ஊரையே பழக்கிய புத்தகம். அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண் 1796-ல் போட்ட புத்தகமும் உண்டு, அமெரிக்கப் பெண் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகம் என்கிறார்கள். அதில் மக்காச்சோள மாவுக்குப் பெயர் இந்தியன் மீல். அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்த மாவைக் கொதிக்கிற தண்ணீரில் தூவித் துடுப்பால் விடாமல் கிண்டித் தின்றிருக்கிறார்கள். ஹேஸ்டி புட்டிங் என்று பெயர். படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது களி. மஞ்சள் மாவை வாங்கிக் கொடுத்து, "அக்கா, கிண்டுங்க" என்றிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

தேடிக்கொண்டே இருந்தேனே தவிர கெலமங்கலத்துக்குப் போகவில்லை. மத்திகிரியில் இருந்து எவ்வளவு தூரம், ஒரு மணி நேரம் கூட ஆகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. பையில் பேத்திக்கு வாங்கிய ஸ்கூல் ஷூ. நல்லா இருக்கியா, பிள்ளைங்க என்ன படிக்குதுங்க என்று எல்லாம் கேட்டார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. நீ கால்னுதான் சொல்லியிருப்ப. எனக்குத்தான் முக்கால்னு விழுந்திருக்கும். அந்த அடுப்புச் சத்தத்துல காது ஒழுங்காக் கேக்காது. பாவம், அந்தப் பெரியவரு எப்படி இருமுனாரு."

காகிதம் அப்போதும் என் பர்ஸில், ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குப் பின்னால் மடித்து இருந்தது.

"விடுங்கக்கா, பழைய கதை" என்றேன்.

அவர் பஸ் வந்தது. கூட்டத்தில் ஏற முடியாமல் திண்டாடினார். ஷூ பையை வாங்கி ஜன்னல் வழியாக சீட்டில் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தேன். அதற்கு நன்றி சொன்னார்.