எண்ணைப் பார் தம்பி

கொட்டாஞ்சேனை என்று தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். கல்யாண அட்டை அடிக்கும் ஓர் அச்சகத்தின் வாடிக்கையாளர் பட்டியல் அது. வராதவர்களின் முகவரியிலும் திரையில் அச்சொட்டாக அதே கொட்டாஞ்சேனைதான். வெள்ளவத்தையில் ஒரு சின்ன மென்பொருள் கந்தோரில் நான் வேலை பழகச் சேர்ந்த புதிது. பழக்கிய அண்ணை எட்டிப் பார்த்தார். "எழுத்தைப் பார்க்காதை தம்பி, எண்ணைப் பார்."

யுனிகோட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. 'கொ'வின் ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம். கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் வைக்கலாம். தரத்தின்படி இரண்டும் ஒன்றே. எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. அச்சகத்தின் பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று தட்டல். யுனிகோட்டுக்கு மாற்றிய கருவி கொம்பையும் காலையும் சேர்க்காமல் விட்டிருந்தது. உள்ளே வரும் எழுத்தையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தில் போட்டதும் சரியாகிவிட்டது.

சரியாகாதது கௌரி என்ற பெயர். பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருந்தார்கள். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, ஆனால் இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் ள தனி எழுத்து. கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று விதி எழுதலாமா என்று கேட்டேன். அண்ணை கந்தோர் வாசல் பலகையைக் காட்டினார். அந்த விதி வெள்ளவத்தையையே உடைக்கும்! வெ, அடுத்து ள், புள்ளி அந்தரத்தில் தொங்கும். 'தெளிவு'ம் தப்பாது. கடைசியில் மூலப் பெயரைத் தொடாமல் வைத்து, தேடலுக்கு மட்டும் தனிப் புலத்தில் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும் வடிவத்தைச் சேமித்தோம்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளில் கை வைக்க இன்னும் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிடு என்பது பொதுவான ஆலோசனை. கொழும்பில் அது செல்லாது. சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுத நடுவில் 8205, பூச்சிய அகல இணைப்பி, இருந்தாக வேண்டும். அதை எடுத்தால் நாட்டின் பெயரே பிரிந்துபோகும். 8238 வேறு சாதி: பின்வரும் எழுத்துகளை வலமிருந்து இடமாகக் காட்டி வாசிப்பவரை ஏமாற்றும். ஆட்பெயரில் அதற்கு வேலை இல்லை. சத்தமில்லாமல் நீக்காமல், காரணம் சொல்லி மறுக்கிறோம்.

ஆனால் எல்லாச் சிக்கலுக்கும் மறுப்பது தீர்வாகாது. 2018இல் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளை முடக்கியது. ஆப்பிள் தன் நிரலைத்தான் திருத்தியது. தெலுங்கையா தடைசெய்ய முடியும்?

அச்சகம் அனுப்பும் குறுஞ்செய்தியை அளவுக்குள் அடங்க வெட்டுவதுதான் எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை. ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் செய்தியில் தமிழுக்கு 70 எண்தான் இடம். 70இல் கண்மூடி வெட்டினால் 'கொ'வின் ஒகரக் குறி வெளியே விழும், மிஞ்சுவது 'க'. இப்போது ஓர் எழுத்து முழுதாக முடியும் இடத்தில்தான் நிரல் வெட்டுகிறது. சில செய்திகள் 69இலேயே நின்றுவிடும். அச்சகக்காரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.