காற்றில் விலகாத துணி

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நாள். மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு வாக்குச்சாவடிக்கு ஹிஜாபோடு வந்த பெண்ணைப் பார்த்து, அதைக் கழற்றச் சொல்லி பா.ஜ.க. முகவர் தகராறு செய்தார். தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் சேர்ந்தே எதிர்த்தார்கள், தகராறு செய்த முகவர் வெளியேற்றப்பட்டார்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மதுரைக்காரரிடம் “என்னங்க உங்க ஊர்ல?” என்று யாராவது கேட்டால் சுருக்கென்று வரும் கோபம் தகராறு செய்தவர்மீது மட்டுமல்ல. எதிர்த்து நின்ற இரண்டு கட்சிக்காரர்களைக் கேட்டவர் விட்டுவிடுகிறாரே! அதே வாயால் அவர் லண்டனையும் மெச்சுவார். மெச்சலாம்தான். 2015இல் பி.பி.சி.யின் கேக் போட்டியில் நதியா உசேன் ஹிஜாபோடு வென்றபோது நாடே கைதட்டியது. கடலைத் தாண்டினால் பிரான்ஸ். அங்கே 2004 முதல் அரசுப் பள்ளியில் முக்காடு கூடாது, 2023இல் அபாயாவும் கூடாது. மேலூரில் ஒரு முகவர் கத்தியது அங்கே பள்ளிகளில் சட்டம்.

கதைகளுக்கு வந்தால் லண்டனுக்கே முதல் மதிப்பெண். லைலா அபூலேலாவின் ‘மினாரெட்’ (2005) நாவலில் கார்ட்டூமின் பணக்கார வீட்டுப் பெண் நஜ்வா, தந்தையையும் வசதியையும் இழந்து, லண்டனில் வீட்டு வேலை செய்கிறாள். பள்ளிவாசல் பெண்களின் நட்புக்குப் பிறகு அவளே விரும்பி ஹிஜாப் அணிகிறாள். யாரும் போர்த்திவிடவில்லை. நம் சினிமாவில் அந்தத் துணிக்கு என்ன வேலை? ‘பம்பாய்’ (1995) படத்தில் காற்று வந்து ஷைலா பானுவின் முகத்திரையை விலக்க வேண்டும், நாயகன் காதலில் விழ வேண்டும். அவ்வளவுதான்.

தமிழ் நாவலை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மதுரை–திருச்சி சாலையில் இருக்கும் துவரங்குறிச்சிக்காரர் சல்மா. பருவமடைந்ததும் படிப்பு நின்று வீட்டுக்குள் வளர்ந்தவர். அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) துணியை வெளியே நின்று பார்ப்பதில்லை. அடுக்களையில் கூடிய பெண்கள் ஆண்களைப் பற்றிப் பேசும் பச்சையான பேச்சும், எதிர்வீட்டு சிவாமேல் பிர்தவ்ஸ் கொண்ட ஆசையும் அதில் இருக்கின்றன. பர்தா மறைப்பது பேச்சை அல்ல. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தாயிற்று. ஆனாலும் ‘அடைபட்ட பெண்’ என்ற ஒரே வரியில் அதைச் சுருக்கிப் பேசுவது வெளிநாட்டு வாசகருக்கு வசதியாக இருக்கிறது.

நம் கதைகளிலும் குறை இல்லாமல் இல்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்து, நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஒரு கையில் பையும் மறுகையில் பேரனுமாகக் கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகும் நன்னி. ஈஸ்ட் ஹாமில் ஹிஜாபில் குண்டூசி குத்திக்கொண்டு வேலைக்கு ஓடும் அவருடைய பேத்தி. இந்த இரண்டு பேரும் ஒரே கதையில் வர வேண்டும். நெல்பேட்டையிலோ லண்டனிலோ இருக்கும் பேத்திகளே, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.