படத்தின் பின்பக்கம்

ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களில் காணி உறுதியைக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். நகையை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மிகச் சிலர். 1990 யூனில் மயிலிட்டியை விட்டு வெளியேறியபோது இரண்டு மூன்று கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நம்பினோம். வலிகாமம் வடக்கின் கரையோரம் உயர் பாதுகாப்பு வலயமாகிப்போனது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில், இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு. போய்ப் பார்த்தவர்களில் பலர் தங்கள் வீட்டு அத்திவாரத்தையே தேடவேண்டியிருந்தது. எங்கள் பழைய ஊரைப் பார்ப்பதென்றால் இன்று படங்களில்தான் பார்க்கவேண்டும். அதுவும், கடிதத்தோடு சேர்த்துக் கொழும்புக்கும் ஜேர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டதால் தப்பிய படங்களில்.

வெம்பிளியில் இருக்கும் நாங்கள் ஐந்தாறு பேர் சில வருடங்களாக இந்தப் படங்களைச் சேர்த்து வருகிறோம். ஈலிங் றோட்டுக்கு மரக்கறி வாங்க வருகிறவர்களும், அல்பேட்டன் ஈழபதீஸ்வரர் கோவிலுக்கு வருகிறவர்களும் பழைய பிஸ்கட் ரின்னில் போட்டுக்கொண்டுவந்து தருவார்கள். ஞாயிறு பின்னேரங்களில் ஸ்கான் பண்ணி இணையத்தில் ஏற்றுவோம். உரியவர்களிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இதுவரை நானூறு சொச்சம் படங்கள் சேர்ந்திருக்கின்றன.

வேலை தொடங்கிய பிறகுதான் படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம் என்று விளங்கியது. பின்பக்கத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கும். நீல மையில் ஒரு திகதி, ‘தம்பியின் துடக்குக் கழிவு’, ‘சின்னக்காவுடன் கீரிமலையில்’ என்று ஒரு வரி. எழுதியவருக்கு அது போதும். படம் போய்ச்சேருகிறவருக்கும் போதும். ஆனால் எந்தத் தம்பி, எவருடைய சின்னக்கா? எங்கள் ஊரில் ஆசைமாமா இல்லாத வீடே கிடையாது. நானூறு படத்தில் பதினொரு ஆசைமாமாக்களைக் கண்டுபிடித்திருக்கிறோம். உறவுமுறைதான் எங்களுக்குப் பெயர்; இணையத்திற்கோ அது பெயரே அல்ல.

இணையத்தில் படத்தோடு ஒட்டிவிடும் சொல்லைத் தமிழில் குறிச்சொல் என்கிறார்கள். பிள்ளைகள் ‘டாக்’ என்பார்கள். 2004இல் கனடாவின் வன்கூவரில் தொடங்கிய பிளிக்கர் என்ற சேவைதான் இதைப் பெருமளவில் பழக்கத்திற்குக் கொண்டுவந்தது. நூலகத்தில் பட்டியல் போடுகிறவருக்கு ஒரு விதி இருக்கும். இங்கே விதியில்லை, யாரும் தனக்குத் தோன்றிய சொல்லை ஒட்டலாம், அதே சொல்லை ஒட்டிய மற்றப் படங்களெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். 2008 ஜனவரியில் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த பழைய படங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றை பிளிக்கரில் போட்டு, தெரிந்தவர்கள் விபரம் சொல்லுங்கள் என்று கேட்டது. யார் யாரோ பார்த்து, ஆளையும் இடத்தையும் அடையாளம் சொன்னார்கள். எங்களுக்கு இந்த யோசனை வந்தது அந்த முன்மாதிரியிலிருந்துதான்.

நடைமுறையில் முதலில் எங்களைத் தடக்கி விழுத்தியது ஊரின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘மை’ என்று தொடங்குவார், மற்றவர் ‘மயி’ என்பார். நடுவில் ஒருவர் இரண்டு ‘டி’ போடுவார், இன்னொருவர் இரண்டு ‘ரீ’ போடுவார். ஒரு ஊர் நாலு ஊராகி, ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றும் வராது. இப்போது தெரிந்த எழுத்துக்கூட்டல்களையெல்லாம் போட்டு, தமிழிலும் போடுகிறோம். ஆளின் பெயருக்குத் தகப்பன் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்க்கிறோம். ‘ஆசைமாமா’ என்பதை அழிப்பதில்லை. யாருக்கு ஆசைமாமா என்று பக்கத்தில் எழுதுகிறோம்.

இவையெல்லாம் பொறுமை இருந்தால் தீரக்கூடியவை. பொறுமையால் தீராத ஒன்று பிறகு வந்தது.

1988இல் நடந்த ஒரு கலியாணப் படம். பொம்பிளையின் கதிரைக்குப் பின்னால் ஏழெட்டு வயதுப் பொடியன் ஒருவன் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படத்தைப் பார்த்த ரொறன்ரோ உறவினர் ஒருவர் பொடியனின் பெயரைப் போட்டு, அதற்கு முன்னால் ‘அமரர்’ என்றும் போட்டுவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் பொடியன் வளர்ந்து, 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டவன். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. தாய் கிளிநொச்சியில் இருக்கிறார். 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களில் ஒருவர். பேரப்பிள்ளை யாரோ போனில் இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறது. அடுத்தநாள் எங்களுக்கு அழைப்பு வந்தது.

“என்ர பிள்ளைக்கு ஆர் செத்தவீடு செய்தது?”

உடனே அந்தச் சொல்லை எடுத்தோம். பெயரையும் எடுத்துவிடவா அம்மா என்று கேட்டோம். “பேர் இருக்கட்டும். பேரை ஏன் எடுக்கிறியள்?” என்றார். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் படமும் சொல்லும் வாட்ஸ்அப்பில் நாலு நாட்டுக்குப் போய்விட்டன. வேறு யாரோ தங்கள் பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். இப்போதும் அந்தப் பெயரைத் தேடினால் ‘அமரர்’ என்றுதான் முதலில் வருகிறது. பின்பக்கத்தில் எழுதியதென்றால் வெட்டிவிட்டு மேலே திருத்தி எழுதலாம். இதை எங்கே போய் வெட்டுவது?

பெயர் எழுதுவதில் ஆபத்து இன்னொரு பக்கத்தாலும் வரும். 2009 ஏப்பிரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் நாங்களும் நின்றோம். அன்று எடுத்த படங்களை ஆளுக்காள் பகிர்ந்தார்கள், பெயரும் ஒட்டினார்கள். 2010 இறுதியில் பேஸ்புக் தானாகவே முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்கியது. 2012இல் அதை ஐரோப்பாவில் நிறுத்தியது. பின்னர் மீண்டும் கொண்டுவந்து, 2021 நவம்பரில் நூறு கோடிக்கு மேற்பட்டவர்களின் முகப்பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. இதற்கிடையில் 2013 யூலையில் இலங்கையர்களின் அகதி வழக்குகளுக்கு வழிகாட்டியாக இங்குள்ள மேல் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆர்ப்பாட்டத்தில் நின்றதால் மட்டும் ஒருவருக்கு ஆபத்து என்று கொள்ளமுடியாது என்று அது சொன்னது. ஆனால் வெளிநாட்டு ஆர்ப்பாட்டங்களை இலங்கை அரசு படமெடுப்பதையும், முகம் அறியும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக்கூடும் என்பதையும் அதே தீர்ப்பாயம் கருத்தில் எடுத்தது. வழக்கு முடியாமல் இருந்த பிள்ளைகள் எங்களிடம் வந்து, “அண்ணை, அந்தப் படத்தில என்ர பேரை எடுத்துவிடுங்கோ” என்று கேட்டதற்குக் காரணம் வெறும் பயமல்ல.

ஆக, ஒரு தாய் பெயர் இருக்கட்டும் என்கிறார். ஒரு பொடியன் பெயர் வேண்டாம் என்கிறான். இரண்டும் நியாயம். எனவே நாங்கள் சில முடிவுகளுக்கு வந்தோம். உயிரோடிருப்பவரின் பெயரை அவரைக் கேளாமல் போடுவதில்லை. காணாமல் போனவரைப் பற்றி வீட்டார் சொல்லும் சொல்லைத் தவிர வேறு சொல் போடுவதில்லை. பொதுவில் போட முடியாத பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம். அது இணையத்திற்குப் போகாது.

இணையத்தை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. 2018 நவம்பரில் பிளிக்கர், இலவசக் கணக்கில் ஆயிரம் படத்துக்கு மேல் வைத்திருக்க விடமாட்டோம் என்று அறிவித்தது. கூகிள் போட்டோஸ் 2021 யூனில் அளவில்லா இலவச இடத்தை நிறுத்தியது. வாடகை வீட்டின் குணம் எங்களுக்குப் புதிதல்ல. அதனால் பொதுவில் வைக்கக்கூடிய படங்களை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் ஆவணகத்திற்குக் கொடுப்பதுபற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் ரின் இருக்கும். அதிலுள்ள முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். இணையத்தில் ஏற்றுவதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, அவர் சொல்வதைப் பின்பக்கத்தில் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். யாருக்குச் சின்னக்கா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.