சங்கத்தைப் பதிஞ்சாச்சா?

மன்னார் வளைகுடாவுல கடல்பாசி எடுக்கிற அக்காமாருக்குக் கால்லயும் கையிலயும் பாறை வெட்டு. விரல்ல துணி சுத்திக்கிட்டுத்தான் முங்குறாங்க. மருந்து நான் தருவேன். ஷூவும் கையுறையும் ஓபி சீட்டுல எழுத முடியாது.

அதுக்குக் காசு இருக்கு மக்களே. 2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 135: பெரிய கம்பெனிகள் மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்கணும்.

ஆனா அதை வாங்குற அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு, 12ஏ, 80ஜி, மூணு வருஷம் வேலை செஞ்ச கணக்கு எல்லாம் வேணும். சின்னச் சங்கங்க கழண்டுக்கிறது இங்கதான்.

ஏழு பேர் சேர்ந்து இப்பவே பதிஞ்சு வைங்க. வருஷா வருஷம் தணிக்கை முக்கியம். அதுவரை, பதிவுள்ள தொண்டு நிறுவனம் மூலமா கேளுங்க. "உதவி பண்ணுங்க"ன்னு மொட்டையா எழுதாம, எத்தனை பேர், எத்தனை ஜோடி, என்ன விலைன்னு எழுதுங்க. எழுதித்தர ஆள் இல்லைன்னா ஓபி முடிஞ்சதும் வாங்க, உக்காந்து எழுதுவோம்.