போன காரியம் என்ன ஆச்சு?

ஒரு ஃபங்ஷனை அழைப்பது ஒருவரை வேலையாக அனுப்புவதுதான். அவர் திரும்பி வர வேண்டும். வந்து, காரியம் முடிந்ததா என்று சொல்லவும் வேண்டும். முதலாவதற்குக் கணினித்துறை சீக்கிரமே வழி கண்டுவிட்டது. இரண்டாவதில்தான் மொழிக்கு மொழி தகராறு.

*

1949-ல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில், அழைத்த இடத்துக்குத் திரும்ப என்று தனிக் கட்டளை கிடையாது. டேவிட் வீலர் ஒரு தந்திரம் செய்தார். அழைக்கும் நிரல் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும். சப்ரொட்டீன் அதை வைத்துத் தன் கடைசிக் கட்டளையைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தக் கட்டளை வந்த இடத்துக்கே தாவும். 'வீலர் ஜம்ப்' என்று இதற்குப் பெயர். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனுக்கு மட்டும் இதில் வழியில்லை. இரண்டாம் அழைப்பு, முதல் அழைப்பின் திரும்பும் வழியை அழித்துவிடும்.

*

இன்று 64-பிட் இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் முழு எண் விடை ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் வரும். சி மொழியில் ரிட்டர்ன் எழுத மறந்துவிட்டு அந்த விடையைப் பயன்படுத்தினால், பெரும்பாலும் அந்த ரெஜிஸ்டரில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண் கையில் வரும். அது சரியான விடைபோலவே தோன்றும் நாளும் உண்டு. ஆபத்தே அந்த நாள்தான்.

*

பழைய பாஸ்கலில் ஃபங்ஷனின் பெயரையே மாறிபோல வைத்து, அதில் விடையைப் போட வேண்டும். போட்ட உடனே ஃபங்ஷன் முடிந்துவிடாது. மிச்ச வரிகளும் ஓடும். சி பழகிவிட்டு பாஸ்கல் பக்கம் போகிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

லிஸ்ப், ரூபி, ரஸ்ட் மூன்றிலும் கடைசிக் கோவையின் மதிப்பே விடை. ரஸ்டில் அந்த வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளி வைத்தால் விடை போய்விடும், ஆனால் கம்பைலர் பிடித்துக்கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ரிட்டர்ன் என்று எழுதி, விடையை அடுத்த வரியில் தொடங்கினால் மொழியே நடுவில் அரைப்புள்ளி போட்டுக்கொள்ளும். கிடைப்பது அன்டிஃபைன்டு. பிடித்துக்கொடுக்க ஆளில்லை.

*

சி-யின் பிரிண்ட்-எஃப் அச்சிட்ட எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது. யார் வாங்கிப் பார்க்கிறார்கள்?

*

பைத்தானில் ஒரு பட்டியலைச் சார்ட் செய்தால், பட்டியல் இருந்த இடத்திலேயே வரிசையாகும். கைக்கு வருவது நன். அதைப் பழைய பெயரிலேயே வாங்கி வைத்தால் பட்டியலே தொலைந்தது. புதிய பட்டியல் வேண்டுமென்றால் சார்ட்டட் என்று தனியாக இருக்கிறது. மாற்றுகிறது ஒன்று, தருகிறது இன்னொன்று. இரண்டையும் ஒன்றே செய்யக் கூடாது என்ற இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

*

'கிடைக்கவில்லை' என்பதை எப்படிச் சொல்வது? பைத்தானில் சரத்துக்குள் தேடும் ஃபைண்ட், கிடைக்காவிட்டால் -1 தரும். ஆனால் அதே பைத்தானில் -1 என்பது கடைசி எழுத்தின் இடமும்கூட. சோதிக்காமல் பயன்படுத்தினால் பிழையே வராது, தவறான எழுத்து வரும். பிஎச்பி-யின் ஸ்டர்பாஸ் கிடைக்காவிட்டால் ஃபால்ஸ் தரும். முதல் எழுத்திலேயே கிடைத்தால் 0 தரும். இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்று. மூன்று சமக்குறி போட வேண்டும்.

சி-யின் கெட்சார் ஓர் எழுத்தைப் படிக்கிறது, தருவதோ இன்ட். எல்லா எழுத்துகளுக்கும் இடம் கொடுத்தபின் 'கோப்பு முடிந்தது' என்று சொல்ல இன்னும் ஒரு மதிப்பு வேண்டுமே. இதுதான் நேர்மையான வடிவமைப்பு: இல்லாமைக்கு, இருப்பவற்றோடு ஒட்டாத தனி இடம்.

*

பேஷ் ஷெல்லில் 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. எண் 255-ஐத் தாண்டினால் மறுபடி 0-விலிருந்து. பிழைகளின் எண்ணிக்கையையே ரிட்டர்ன் செய்யும் ஒரு ஃபங்ஷன் 256 பிழைகளைக் கண்டால், குறை ஒன்றுமில்லை என்று சொல்லும்.

*

2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய 'கோட்டு ஃபெயில்' பிழை. பாதுகாப்பான இணைப்பைச் சோதிக்கும் ஃபங்ஷனில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது, எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. நிரல் கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்து நேரே முடிவுக்குப் போனது. அப்போது விடை மாறியில் இருந்தது, முந்தைய படி வெற்றி என்று வைத்துவிட்டுப் போன 0. அதையே திருப்பித் தந்தது. சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்காமலே 'சரி' என்ற பதில். எல்லாச் சோதனையும் முடிந்த இடத்தில் மட்டுமே வெற்றி என்று எழுதும் நிரலாக இருந்திருந்தால் கூடுதலான ஒரு வரி இவ்வளவு கெடுதல் செய்திருக்காது.

*

கோ மொழி விடையையும் பிழையையும் ஜோடியாகத் தருகிறது. விடையை வாங்கினால் பிழையையும் வாங்க வேண்டும். வேண்டாமென்றால் அண்டர்ஸ்கோர் போட்டு, வேண்டாம் என்று எழுதியே காட்ட வேண்டும். ஆனால் எதையும் வாங்காமல் வெறுமனே அழைத்தால் கோவும் கண்டுகொள்ளாது. கோப்பை மூடும் குளோஸ் இப்படித்தான் ஊரெங்கும் அனாதையாக அழைக்கப்படுகிறது. எழுதியது வட்டில் சேராத செய்தி சில நேரம் மூடும்போதுதான் வரும்.

ரஸ்ட் ரிசல்ட் என்ற பெட்டிக்குள் விடையையோ பிழையையோ வைத்துத் தருகிறது. வாங்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். சி++17-இல் நோ-டிஸ்கார்டு என்று குறித்தால் அங்கும் எச்சரிக்கை கிடைக்கும். 1949-ல் தொடங்கிய பயணம் இப்போதுதான் வாங்குபவரின் பக்கம் திரும்பியிருக்கிறது.

*

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு: ஃபங்ஷனின் முதல் வரியை எழுதுமுன், தோற்றால் எப்படிச் சொல்லும் என்பதை முடிவு செய்யுங்கள். அந்தச் சொல்லை வெற்றியோடு குழப்ப முடியாததாக வையுங்கள். மற்றவர் எழுதியதை அழைக்கும்போது, தருவதை வாங்கிப் பாருங்கள்.