முட்டைக் கல் நகரம்

இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போகிறவர்கள் ராயல் கிரசென்ட் முன்னால் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. 1767 முதல் 1774 வரை பிறை வடிவில் கட்டப்பட்ட 30 வீடுகள். சுவரெல்லாம் தேன் நிறம். படம் எடுத்த பிறகு, பாத் கல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மீன் சினை போலப் பொடிப்பொடி உருண்டைகள் தெரியும்.

இந்த வகைக் கல்லின் பெயர் ஓலைட். வானொலியில் பேசும் எனக்கு ஒரு சொல்லைக் கேட்டால் அதன் வேரைத் தேடாமல் இருக்க முடியாது. கிரேக்கத்தில் ‘ஓன்’ என்றால் முட்டை, ‘லித்தோஸ்’ என்றால் கல். உருண்டைகள் 2 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானால் பிசோலைட், அதாவது பட்டாணிக் கல்.

ஆற்றுக் கூழாங்கல் தேய்ந்து உருண்டையாகிறது. அவை ஒட்டி இறுகிய பாறை காங்லோமரேட். லத்தீனில் ‘குளோமஸ்’ என்றால் உருண்டை. ஓலைட் மணியோ வளர்ந்து உருண்டையாகிறது. சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் இருந்தது. சிப்பித் துணுக்குகள் அலையில் உருள உருள, அவற்றின்மேல் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்தது. பஹாமாஸ் கடலில் இன்றும் இது நடக்கிறது.

எந்தத் திசையிலும் அறுக்க வரும் கல் இது. அதனால் அருகிலுள்ள கூம் டவுன் கிராமத்தின் அடியில் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். வீடுகளுக்குக் கீழே வெற்றிடம்தான் மிஞ்சியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மேலே குடியிருப்பவர்களின் பாதுகாப்புக்காகச் சுரங்கங்களில் நுரைக் கான்கிரீட் ஊற்றி நிரப்ப வேண்டியதாயிற்று.

பாத் போனால் அந்த மேட்டுக் கிராமத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கீழே தெரியும் தேன் நிற நகரம், உங்கள் காலடியிலிருந்து போனதுதான்.