மறுகால் பாயும் கோடு

தாமிரபரணிப் பாசனத்தைத் தரவுத்தளமாக அடுக்குவது எளிது என்றுதான் நினைத்தேன். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், 187 குளங்கள். மூன்று அட்டவணைகள் போதும். கால்வாயின் வரிசையில் அணைக்கட்டின் எண், குளத்தின் வரிசையில் கால்வாயின் எண்; இப்படி இன்னொரு அட்டவணையைச் சுட்டும் எண்தான் ஃபாரின் கீ. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலை மாதிரிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் வேலை.

அதைக் கண்ணுக்குக் காட்டுவதில்தான் தடுமாறினேன். முதலில் முப்பரிமாணத்தில் செய்தேன். மேல்தட்டில் அணைக்கட்டுகள், நடுவில் கால்வாய்கள், அடித்தட்டில் குளங்கள். மவுஸால் சுழற்றினால் மொத்த ஆறும் திரும்பும். இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன், அவ்வளவு அழகு. ஆனால் ஒரு குளத்தைத் தேடினால் முன்னால் நின்ற குளம் மறைத்தது. திருப்பினால், அதுவரை தெரிந்தது மறைந்தது. பின்னால் விழுந்த பெருங்குளமெல்லாம் ஊருணி அளவுக்குச் சுருங்கித் தெரிந்தது.

பிறகு பெட்டியும் கோடுமாகத் தட்டையாக வரைந்தேன். பீட்டர் சென்னின் 1976ஆம் ஆண்டு வரைபட முறை அட்டவணைகளுக்கு இடையிலான உறவோடு நின்றுவிடும். நான் ஒவ்வொரு குளத்தையும் பெயரோடு போட்டு, பெரிய தாளில் அச்சிட்டு, கடைமடை ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். திண்ணையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தோம். வயதான விவசாயி ஒருவர் தன் குளத்தில் விரலை ஊன்றி, கோட்டோடு மேலே போய், பாதியில் நின்றார்.

“தம்பி, இதுக்குக் கால்வாய்த் தண்ணி நேரா வராதுல்லா. மேல உள்ள குளம் நெறஞ்சு மறுகால் பாஞ்சாத்தான் இங்க வரும்.”

குளத்துக்குக் குளம் தண்ணீர் தரும் உறவுக்கு என் அட்டவணையில் இடமே இல்லை. எல்லாக் குளங்களையும் ஒரே தட்டில் சமமாக அடுக்கியபோதே அந்தக் கேள்வி எனக்கு எழாமல் போயிருந்தது. ஊர் திரும்பியதும் ‘வரத்து’ என்று புது அட்டவணை போட்டேன்: தருவது எது, பெறுவது எது. கால்வாயிலும் மறுகாலிலுமாக இரண்டு வழியில் நிறையும் குளமும் அதில் அடங்கும்.

முப்பரிமாணத்தை நான் கைவிடவில்லை. மடையின் மட்டம், கரையின் உயரம், மறுகால் மட்டம், நிலத்தின் சரிவு இவற்றைக் காட்ட அதுதான் சரி. தண்ணீருக்கு உயரம் நிஜம்; எந்தக் குளம் எதற்குத் தரும் என்பதையே அது தீர்மானிக்கிறது. ஃபாரின் கீக்கு உயரம் ஏது? இல்லாத உயரத்தை நானாகக் கொடுத்ததுதான் முதல் படத்தின் பிழை.

திருத்திய தாளோடு மறுபடி போனேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது காருக்கா, பிசானத்துக்கா?”

இரண்டும் நெல் பருவங்கள். கார் பருவத்தில் மேல்குளம் நிரம்பாத ஆண்டில் அந்த மறுகால் கோடே கிடையாது. வரத்து அட்டவணையில் பருவத்துக்கு ஒரு பத்தி சேர்த்தேன். காலத்தை மூன்றாவது அச்சாக நிறுத்தக் கை துறுதுறுத்தது, செய்யவில்லை. காருக்கு ஒரு தாள், பிசானத்துக்கு ஒரு தாள். இரண்டிலும் ஒவ்வொரு குளமும் அதே இடத்தில் இருக்கும்படி அச்சிட்டு, திண்ணையில் பக்கத்தில் பக்கமாக விரித்தோம்.